பன்னிரண்டு அடுப்பு

பள்ளிக்கூடத்தில் இன்பமேரி இரண்டு முறை எண்ணினாள். இரண்டு முறையும் முப்பத்து நான்கு வந்தது.

நாற்பத்தாறு வர வேண்டும். ஏழாம் நம்பர் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடு, நாற்பத்தாறு பேர். யாருக்கு என்ன வயது, யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், யாரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பது வரை அவளிடம் பட்டியல் இருந்தது. பட்டியலைப் போட்டவளே அவள்தான். அவள் பிறந்து வளர்ந்ததும் அந்தப் பன்னிரண்டில் ஒரு வீடு, கடைசிக்கு முந்தியது.

மழை நேற்று மதியம் பிடித்தது. இன்று பதினொன்றரைக்கு மழைமானியில் நூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர். நூறைத் தாண்டினால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று திட்டத்தில் இருந்தது. விசில் ஊதினாள். ஜீப் மூன்று நடை போய் வந்தது. நாற்பது நிமிடம் என்று எழுதியிருந்தாள். முப்பத்தெட்டில் முடிந்தது.

"மீதி ஆளுங்க எங்க?" என்று கேட்டாள்.

பெஞ்சுகளின் மேல் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த ஒருத்தி, "வருவாங்க" என்றாள்.

"எப்ப?"

"மழ விட்டா வருவாங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

பன்னிரண்டு பேர் குறைவு. பன்னிரண்டு வீடு. இன்பமேரி வராந்தாவுக்கு வந்து கீழே பார்த்தாள். மூடுபனி விலகிய சந்தில் லயத்தின் நீளமான தகரக் கூரை தெரிந்தது. பன்னிரண்டு புகைக்குழாயிலும் புகை.

நீர்முட்டி எஸ்டேட் பாதி மூடிக் கிடக்கிறது. வாரத்தில் மூன்று நாள் கொழுந்து எடுக்கிறார்கள். முதலாளி எந்த ஊரில் இருக்கிறார் என்று இங்கே யாருக்கும் தெரியாது. லயங்கள் காலியாக வேண்டும் என்று அவர் விரும்புவது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

எஸ்டேட்டில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அடுப்பு எரிகிற வீடுதான் ஆள் இருக்கிற வீடு. மூன்று நாள் தொடர்ந்து புகை வராத வீட்டில் நாலாம் நாள் எஸ்டேட் பூட்டு தொங்கும். வாட்சர் ஏசுரத்தினம் மேட்டில் நின்று புகையை எண்ணுவார். முன்பெல்லாம் நோட்டில் குறித்தார். இப்போது ஆபீசிலிருந்து மெசேஜ் வரும். பத்து நிமிடத்துக்குள் கூரையைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். காலை ஆறுக்கும் வரும், மதியம் மூன்றுக்கும் வரும். எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

அஞ்சாம் நம்பர் லயம் அப்படித்தான் போனது. இரண்டு வருஷத்துக்கு முந்தின மழையில் அங்கிருந்தவர்கள் பஞ்சாயத்து கேம்புக்குப் போனார்கள். ஐந்தாம் நாள் திரும்பியபோது ஒவ்வொரு கதவிலும் புதுப் பூட்டு. அடுத்த வாரம் கூரைத் தகரத்தைப் பிரித்தார்கள். இப்போது அங்கே சுவர் மட்டும் நிற்கிறது.

இதெல்லாம் இன்பமேரிக்குத் தெரியும். தெரிந்தும் எழுதவில்லை.

*

ஜனவரியில் கஞ்சிக்கோடு ஆபீசில் ஆறு பேர் உட்கார்ந்து லயத்துக்கு மேலே மலையை வெட்டிப் போடும் ரோட்டு வேலைக்கு இடர்ப் பட்டியல் போட்டார்கள். ஐந்து கட்டம். என்ன தவறலாம், எவ்வளவு வாய்ப்பு, எவ்வளவு கேடு, என்ன தடுப்பு, யார் பொறுப்பு. மலையைத் தெரிந்த எஞ்சினியர் என்பதால் இன்பமேரியைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவள் முப்பத்தொரு வரி சொன்னாள். லாரி வளைவில் ஏற முடியாமல் நிற்பது. யானை. ஜூனில் அந்தோணியார் திருநாளுக்கு மூன்று நாள் ஆள் வராதது. மெஷின் ஆபரேட்டருக்கு அட்டை கடித்துச் சீழ் பிடிப்பதைக்கூடச் சொன்னாள். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் எழுதிக்கொண்டார்கள்.

பதினான்காவது வரி, மழையில் சரிவு இடிந்து கீழே இருக்கும் லயத்தின் மேல் விழுவது. கேடு, ஐந்துக்கு ஐந்து. தடுப்பு, மே மாதத்துக்குள் தாங்குசுவர். சுவர் முடியாவிட்டால் நூறு மில்லிமீட்டரில் லயத்தைக் காலி செய்வது. பொறுப்பு, இன்பமேரி.

ஆபீசின் தலைவர் அனந்தநாராயணன் கல்பாத்திக்காரர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. எதையும் இரண்டு முறை பார்க்கிறவர்.

"ஒரு தடவை நடத்திப் பாத்துடலாமே" என்றார். "காயிதத்துல ஓடறவா எல்லாரும் தரையில ஓடறதில்லை."

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, நல்ல வெயிலில் நடத்திப் பார்த்தார்கள். நாற்பத்தாறு பேரும் முப்பத்தொரு நிமிடத்தில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். டீயும் பன்னும் கொடுத்தார்கள். இன்பமேரி எடுத்த போட்டோவில் ஆட்கள் குடையோடு வரிசையாக வருவதும் பின்னால் லயமும் தெரிந்தன. பன்னிரண்டு குழாயிலும் புகை.

"நன்னாயிருக்கு. காலண்டர் மாதிரின்னா இருக்கு" என்றார் அனந்தநாராயணன்.

ஒரு மணி நேரத்தில் யாருக்கும் வீடு போகாது. அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்தார்கள். அவ்வளவுதான். மழை மூன்று நாள் விடாமல் பெய்தால் என்ன ஆகும் என்று அந்தப் போட்டோவைப் பார்த்தபோது அவளுக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அதற்குத் தடுப்பு என்று எதை எழுதுவது? காலி செய்த வீட்டைப் பூட்ட மாட்டோம் என்று எஸ்டேட்டிடம் கடிதம் கேட்டால் வராது. எழுதிய பிறகு கடிதம் இல்லையென்றால் லயத்துக்கு மேல்வழி ரோடு கிடையாது. கீழ்வழிக்கு எஸ்டேட் நிலம் வேண்டும், அதுவும் கிடைக்காது. ரோடு வராவிட்டால் நோயாளியைக் கம்பளியில் கட்டி வண்டிப்பெரியார் ரோடு வரை தூக்கிப் போவது இன்னும் இருபது வருஷத்துக்கு நடக்கும். அவளுடைய அப்பாவை அப்படித் தூக்கிப் போனார்கள். ரோட்டை அடைந்தபோது கம்பளியை அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. தவிர, எட்டு வருஷம் கஞ்சிக்கோட்டில் ஹாஸ்டல் சோறு தின்றவளுக்குப் புகைக் கணக்கு பழைய காலத்துச் சங்கதியாகவும் பட்டது.

மே மாதம் இருபத்து நான்கு நாள் கல்குவாரி ஓடவில்லை. குவாரி நின்றுபோவது பட்டியலில் ஆறாவது வரி. பத்து நாள் என்று போட்டிருந்தாள். அறுபத்து நான்கு மீட்டர் சுவரில் நாற்பத்து நான்கு முடிந்தது. மீதி இருபது மீட்டர், நாலாவது வீட்டிலிருந்து ஒன்பதாவது வீடு வரை நேர் மேலே, வெட்டிய செம்மண்ணும் நீலத் தார்ப்பாயுமாக நிற்கிறது. சரிவின் உச்சியில் விரல் பருமனுக்கு ஒரு வெடிப்பு. அதன் இரு பக்கமும் பக்கத்துக்கொரு முளை அடித்து நடுவே கயிறு கட்டியிருக்கிறாள். வெடிப்பு இருபது மில்லிமீட்டர் விரிந்தால் சரிவு வரும் என்று கணக்கு.

*

லயத்துக்கு இறங்கும் வழியில் சகாயம் எதிரே வந்தார். கொத்து மேஸ்திரி, ஐம்பது தாண்டியவர், வண்டிப்பெரியார்க்காரர். வேலையாட்கள் முன்னால் அவளை மேடம் என்பார். மற்ற நேரத்தில் மேரி.

"கயிறு அப்படியேதான் இருக்கு, மேரி. ஒரு நூலு நகரல."

"மணிக்கு ஒரு தடவ பாருங்கண்ணே. ஃபோனப் பாக்காம."

"ஃபோன்லதான டார்ச் இருக்கு."

"பகல்ல எதுக்கு டார்ச்?"

அவர் மேலே ஏறினார்.

முதல் வீட்டில் மிக்கேல் அடுப்பின் முன் குந்தியிருந்தார். எஸ்டேட் பேக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மனைவி, மகன், மருமகள், பேரன் நான்கு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்.

"வா மேரி. ஆபீசர் அம்மா வந்தாச்சி. கட்டங்காப்பி குடிக்கியா?"

"எந்திரிங்க மாமா. நூத்தி இருபது மில்லி தாண்டிட்டு."

"மில்லின்னா எனக்கு வேற மில்லிதான் தெரியும்."

"வெளையாடாதீங்க. மேல மண்ணு ஊறிக் கெடக்கு."

"ஊறட்டும். நாங்க வீட்டுக்கு ஒரு ஆளுதான் இருக்கோம். மத்தவங்களக் கொண்டுபோயிட்டல்லா."

"ஒரு நாள் பொகை வராட்டி என்ன மாமா? மூணு நாள் கழிச்சித்தான பூட்டு."

"நாளைக்கும் மழைன்னு உன் ஃபோனே சொல்லுது. நாளான்னைக்கும். அஞ்சாம் நம்பர்காரனும் ஒரு நாள்னுதான் போனான்." ஊதுகுழலை எடுத்து இரண்டு முறை ஊதினார். "அப்புறம் ரோட்டுல மரம் விழுந்துச்சி."

"பூட்டுப் போட்டா நான் பேசுதேன்."

"நீ யாரு, எஸ்டேட்டா?"

அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு கிழவி படுத்தபடியே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்ததில் வயிற்றுப் புண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர். எல்லா வீட்டிலும் ஒரே முறை. வேலைக்குப் போகக்கூடியவர்களையும் பிள்ளைகளையும் மேலே அனுப்பிவிட்டு, போனால் பரவாயில்லை என்று தோன்றிய ஆளை அடுப்பருகே விட்டிருந்தார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

பதினோராவது வீட்டில் அவளுடைய அம்மா சவரியம்மாள் விறகைப் பிளந்துகொண்டிருந்தாள்.

"நீயுமாம்மா?"

"நான் இல்லாம யாரு? நீ இருக்கியா இந்த வீட்டுல?"

இன்பமேரி மேட்டுக்கு ஏறி ஏசுரத்தினத்தைத் தேடினாள். பெரட்டுக்களத்துக் கொட்டகையில், தினம் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், அவர் பிளாஸ்டிக் கோட்டைப் போர்த்தி நின்றார்.

"அண்ணே, இன்னைக்குப் பழைய போட்டோ ஒண்ணப் போட்டுருங்க."

"தேதி, மணி எல்லாம் அதுல விழும்மா."

"மழைல ஃபோன் நனைஞ்சி போச்சின்னு சொல்லுங்க."

"போன மாசம் அதத்தான் சொன்னேன். புது ஃபோன் வாங்கிக் குடுத்துட்டானுவ. தண்ணிக்குள்ள போட்டாலும் வேல செய்யும்." பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நல்ல ஃபோன்தான். "எட்டாம் நம்பர் லயத்துல எனக்கும் ஒரு அடுப்பு இருக்குல்லா, மேரி."

தாலுகா கன்ட்ரோல் ரூம் எண் அவளிடம் இருந்தது. ஒரு போன் போட்டால் போலீசும் வில்லேஜ் ஆபீசரும் வந்து பன்னிரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போவார்கள். போகும்போது லயத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டுவார்கள். வசிக்கத் தகுதியற்ற கட்டடம். எஸ்டேட் அந்தக் காகிதத்துக்காகத்தான் வருஷக்கணக்காகக் காத்திருக்கிறது. அவள் எண்ணை எடுத்தாள். பார்த்தாள். ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. தோன்றியதும் ஓடினாள்.

*

மிக்கேல் வீட்டில் எல்லோரையும் கூட்டினாள். படுத்திருந்த கிழவியை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். பன்னிரண்டு பேரும் நிற்க அந்த அறையில் இடம் போதவில்லை.

"அவனுக்கு வேண்டியது பொகைதான?" என்றாள் இன்பமேரி. "ஆள எவனும் எண்ணல. பன்னெண்டு அடுப்புக்கு ஒரு ஆளு போதும். அரைமணிக்கு ஒருக்கா ஒவ்வொரு வீடாப் போய் வெறகத் தள்ளி ஊதிவிட்டா முடிஞ்சிது. இருட்டுனா பொகை தெரியாது, ஆளும் மேல வந்துரலாம்."

கணக்குச் சரியாக இருந்தது. பன்னிரண்டை ஒன்றாகக் குறைத்துவிட்டாள். கஞ்சிக்கோடு அறையில் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பார்கள்.

"யாரு அந்த ஒரு ஆளு?" என்று ஆபரேஷன் செய்துகொண்டவர் கேட்டார்.

"நான் இருக்கேன்."

"நீயா?" என்றாள் சவரியம்மாள். "ஈர வெறகு எரிச்சி எத்தன வருசமாச்சி உனக்கு? கஞ்சிக்கோட்டுல நாப்பத் திருப்புனா தீ வரும். இங்க வாயாலதான் வரும்."

"ஊதத் தெரியும்மா."

"மேல மலைய யாரு பாப்பா? சகாயமா? அவரு ஃபோன்ல பாட்டுக் கேட்டுட்டு நிப்பாரு."

"அப்ப வேற யாராச்சும்..."

"மலைய வெட்டுனது எம் மக" என்றாள் சவரியம்மாள். "அடுப்ப நான் பாக்கேன்."

இன்பமேரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மிக்கேல் அடுப்பைப் பார்த்தார். கிழவி கண்ணை மூடிக்கொண்டாள். வேண்டாம் என்று ஒருவராவது சொல்வார்கள் என்று அவள் நினைத்தாள். இவர்கள் சட்டியில் சோறு தின்றிருக்கிறாள். அவள் பாஸானபோது இந்த லயம் முழுக்கப் பாயசம் வைத்தது. ஒருவரும் சொல்லவில்லை. அடுப்புகளைப் பற்றித்தான் சொன்னார்கள்.

"எங்க அடுப்பு இடப்பக்கம் ஊதணும், சவரி. வலப்பக்கம் ஊதுனா சாம்பல் மூஞ்சில அடிக்கும்."

"காஞ்ச சுள்ளி பரண்ல இருக்கு. கொஞ்சமாப் போடு."

"கோழிக்கு ரெண்டு கை நொய்யி போட்டுரு."

சாவிகள் வேண்டியிருக்கவில்லை, லயத்தில் பகலில் யாரும் பூட்டுவதில்லை. பதினோரு பேரும் ஜீப்பில் இரண்டு நடையாகப் போனார்கள். கடைசியில் ஏறிய மிக்கேல் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். "சுள்ளி பத்தாட்டி எங்க கட்டில ஒடச்சிக்க" என்றார். ஜீப் கிளம்பியது.

இன்பமேரி அம்மாவோடு நாலாவது வீட்டு வாசலில் நின்றாள். கடைசி வீட்டைத் தாண்டிச் சிலுவை நட்ட குரிசடி இருக்கிறது. அந்த இடத்துக்கு மண் வராது என்று கணக்குப் பார்த்திருந்தாள்.

"இங்கேருந்து குரிசடி வரைக்கும் நட. வேகமா."

"எதுக்கு?"

"நடம்மா."

சவரியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். வலது முட்டி அவளுக்கு மடங்காது. இன்பமேரி ஃபோனில் நேரம் பார்த்தாள். ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி.

"பாஸா?" என்று அம்மா குரிசடியிலிருந்து கத்தினாள்.

ஒன்பது மீட்டர் உயரத்து ஈர மண் கீழே வந்து சேர எத்தனை வினாடி என்று இன்பமேரிக்குத் தெரியும். "பாஸ்" என்றாள்.

"நீளமா விசில் ஊதுனா ஓடி வந்துரணும். சட்டிய எடுக்கக் கூடாது, கோழியப் பாக்கக் கூடாது. குட்டியா ஊதுனா, இருக்கியான்னு கேக்கேன்னு அர்த்தம். தட்டுல ரெண்டு தட்டு."

"சரி. நீ போ. ஏழாவது வீட்டுல தீ அமந்திருக்கும்."

*

மூன்று மணிக்கு அனந்தநாராயணன் கூப்பிட்டார். இன்பமேரி உச்சியில், முளைகளுக்குப் பக்கத்தில், தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் இருந்தாள்.

"சொல்லும்மா. காலி பண்ணியாச்சா?"

"நாப்பத்தஞ்சு பேர் சார்."

"நாப்பத்தாறுன்னா கணக்கு?"

"ஒருத்தங்க இருக்காங்க."

புகைக் கணக்கைச் சொன்னாள். ஏழு மாதத்தில் முதல் முறை.

"இதை ஜனவரியிலேயே சொல்லிருக்கலாமோல்லியோ?"

"ஆமா சார்."

"சொல்லிருந்தா ரோடே வந்திருக்காது."

"ஆமா சார்."

"இப்போ ரெண்டே வழியாக்கும் இருக்கு. பதினாலாவது வரியைச் சிவப்புப் பண்ணினா நாளைக்கே வேலையை நிறுத்தச் சொல்லிடுவா. மெஷினும் ஆளும் அட்டப்பாடி சைட்டுக்குப் போயிடும். அக்டோபர் வரைக்கும் அந்த இருபது மீட்டர் திறந்துதான் கிடக்கும்."

"மஞ்சள்னா?"

"தடுப்பு நிக்கறதுன்னு அர்த்தம். மழை விடறச்சே எல்லாம் வேலை பண்ணலாம். சுவர் முடிய எத்தனை நாள் வெயில் வேணும்?"

"முப்பது கூடு பாக்கி சார். ஒம்பது நாள்."

கூடு என்பது கம்பிவலைப் பெட்டி. அதற்குள் கல்லை அடுக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துத்தான் சுவர்.

"ஜூலையில ஒம்பது நாள்" என்றார் அவர். கேள்வியாக இல்லை. பிறகு, "மஞ்சள்னு போட்டா அந்த ஒத்தரோட பேரைத் தடுப்புல எழுதணும். கையெழுத்தும் வேணும். பேரில்லாத ஆளை ஷீட்டுல போட முடியாது. யாராக்கும் அது?"

"எங்கம்மா சார்."

மழை தார்ப்பாயில் அடித்தது. லைன் போய்விட்டதோ என்று ஃபோனைப் பார்த்தாள். போகவில்லை.

"வேற யாரும் இல்லையா?"

"வேற யாரா இருந்தாலும் அவங்க யாருக்கோ அம்மா, அப்பாதான் சார்."

"நீ அங்கேருந்து மாறிக்கறயா? நான் வேற எஞ்சினியரை அனுப்பறேன்."

"அவருக்கு மலையத் தெரியாது சார்."

"சரி" என்றார். "அஞ்சு மணிக்குள்ள அனுப்பு." அவர் உடனே வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

சிவப்பு என்று எழுதினால் அது உண்மை. அம்மா அக்டோபர் வரை திறந்த சரிவுக்குக் கீழே பன்னிரண்டு அடுப்பு ஊதுவாள். மஞ்சள் என்று எழுதினால் அது பொய். ஒன்பது நாள் வெயில் கிடைத்தால் சுவர் முடியும். இன்பமேரி மஞ்சள் என்று எழுதினாள். தடுப்பு, பகல் நேரத்தில் லயத்தில் ஒரே ஒரு காவலர், சவரியம்மாள், வயது அறுபத்தொன்று.

சகாயத்தை முளைகளிடம் நிறுத்தி, அவருடைய ஃபோனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள்.

சவரியம்மாள் ஒன்பதாவது வீட்டில் இருந்தாள். கண் இரண்டும் சிவந்து நீர் வடிந்தது. புகை. காகிதத்தை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்ன எழுதிருக்க?"

இன்பமேரி வாசித்தாள். ஒரு வார்த்தையையும் விடவில்லை.

"காவலர்னா வாட்சரா?"

"ஆமா."

"ஏசுரத்தினம் மாதிரி எனக்கும் தண்ணி போகாத ஃபோன் குடுப்பாங்களா?"

"அம்மா."

"குடு." பேனாவை வாங்கி, தொடையில் காகிதத்தை வைத்து, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். ஓரத்தில் கரி ஒட்டியது. "எனக்குத் தெரிஞ்சி எஸ்டேட் எம் பேர எழுதுனது ரெண்டு தடவ. வேலைக்குச் சேத்தப்ப. நின்னப்ப."

ஏசுரத்தினத்துக்கு நாலு பத்துக்கு மெசேஜ் வந்தது. அவர் மேட்டில் குடையைச் சாய்த்துப் பிடித்து ஃபோனை உயர்த்துவதை இன்பமேரி உச்சியிலிருந்து பார்த்தாள். கூரையில் பதினோரு புகை. ஏழாவது குழாயில் இல்லை. அவர் காத்திருந்தார். பத்து நிமிடத்தில் எட்டு போனது. ஏழாவது குழாயில் மஞ்சளாக, அடர்த்தியாக ஒரு புகை வந்தது. போட்டோ எடுத்தார்.

*

மூன்று நாள் மழை விடவில்லை. விடிந்ததும் சவரியம்மாள் பள்ளிக்கூடத்திலிருந்து இறங்குவாள், இருட்டியதும் ஏறுவாள். மிக்கேல் இரண்டாம் நாள் காலையில் குடையோடு கூடவே இறங்கி வந்தார். அவரைச் சேர்த்தால் காகிதத்தில் இரண்டு பேர். இன்பமேரிதான் திருப்பி அனுப்பினாள். அவர் குடையோடு ஏறிப் போனார்.

நாலாம் நாள் பத்து நாற்பதுக்கு மழை நின்றது.

சகாயம் ஆட்களைக் கூப்பிட்டார். கம்பிக்கூட்டை விரித்துக் கட்டி, கல்லை அடுக்க ஆரம்பித்தார்கள். பெரிய கல் வெளிப்பக்கம், சின்னது உள்ளே. அவசரத்தில் ஒருவன் கல்லை அள்ளிக் கொட்டப் போனான். சகாயம் அவன் கையைப் பிடித்தார். "உன் மாமியா வீட்டுக் கல்லுன்னு நெனச்சியா? அடுக்குடா."

இன்பமேரியும் கல் தூக்கினாள். பொறுப்பாளர் கல் தூக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நகம் பெயர்ந்தது. ஒவ்வொரு கால் மணிக்கும் போய்க் கயிற்றைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். புகையைப் பார்த்தால் அம்மா எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகிறாள் என்று தெரிந்தது. ஊதியதும் புகை வெளுப்பாக உயரும். விட்டுப் போனதும் மெலியும். அம்மா நாலுக்கும் ஒன்பதுக்கும் நடுவே இருக்கும்போதெல்லாம் இன்பமேரி விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணிக்கு முதல் கூடு நிரம்பியது. மூடியைக் கம்பியால் தைத்துக்கொண்டிருக்கும்போது தூறல் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் மழை. கீழே இருந்து மூடுபனி ஏறி லயத்தை மூடியது. எது புகை, எது பனி என்று தெரியவில்லை.

குட்டியாக ஒரு விசில் கொடுத்தாள்.

பதில் இல்லை.

மறுபடி கொடுத்தாள். சகாயம் இடுக்கியைக் கீழே வைத்தார். ஆட்கள் கையில் கல்லோடு நின்றார்கள்.

தட்டுச் சத்தம் வந்தது. இரண்டு தட்டு இல்லை. ஏழெட்டு, படபடவென்று, கோபமாக.

"ஊதித் தொலைக்காதங்காங்க" என்றார் சகாயம். ஆட்கள் சிரித்தார்கள்.

எந்த வீட்டிலிருந்து வந்த சத்தம் என்று இன்பமேரிக்குப் பிடிபடவில்லை. ஆறா, ஏழா. இன்னும் இருபத்தொன்பது கூடு. ஆட்களைத் தார்ப்பாய்க்குள் போகச் சொல்லிவிட்டு முளைகளிடம் போனாள். குந்தி, கயிற்றில் விரலை வைத்தாள். காலையில் தொட்டபோது கொஞ்சம் தொய்வு இருந்தது. இப்போது இல்லை. அளவுகோலை எடுத்து அளந்தாள். வெடிப்பு நான்கு மில்லிமீட்டர் விரிந்திருந்தது.

நோட்டில் நேரத்தையும் நான்கையும் எழுதினாள். விசிலை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.